செந்தில்குமாரின் அரைஞாண் கயிறு

தை மூன்றாம் தேதி, காணும் பொங்கல் அன்று முற்பகலில், எங்கள் வீட்டு நடு அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கட்டிலில் என் மகன் செந்தில்குமார். அவன் தலைமாட்டில் அவன் மனைவி மேகலா. நாற்காலியில் என் தங்கை மலர்கொடி, ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். இன்னொரு நாற்காலியில் என் சித்தப்பா மகன் ராஜராஜன்; ஆள்வதற்கு வேறு இடம் கிடைக்காததால் பங்காளிகளின் வீடுகளை ஆள்கிறவன். கட்டிலின் வலப்பக்கம் அம்சவள்ளி. நடக்க முடியாதவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற நர்ஸ். ஆறாவது ஆள் அரங்கநாதன் என்கிற நான். செந்தில்குமாரின் அப்பா, வயது எழுபத்து மூன்று. இந்த ஆறு பேரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

செந்தில்குமாருக்குத் தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் பாடாலூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது ஒரு லாரி இடித்து முதுகுத்தண்டு போயிற்று. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன; வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. ரோட்டைப் பார்த்த எங்கள் முன் அறையில், ஊர்க்காரர்களுக்குப் பட்டா, சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்கிற சேவை மையம் திறக்க அவனே அலைந்து அனுமதி வாங்கியிருந்தான். தை பத்தாம் தேதி திறப்பு. அதற்கு அவனுக்கு வேண்டியது சக்கர நாற்காலியில் உட்காரத் தாங்குகிற தோல். தோலில் ஒரு புண் வந்தால் உட்கார முடியாது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ குப்புறக் கிடக்க வேண்டும். கிடந்தும் ஆறாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

தெரியும் என்று சும்மா எழுதவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் என் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தார். நாங்கள் அவரை இலவம்பஞ்சு மெத்தையில் மல்லாக்கக் கிடத்தி, அசைத்தால் வலிக்கும் என்று மூன்று மாதம் அசைக்காமலே வைத்திருந்தோம். பிறகு வாடை வந்தது. விருந்தாளிகளுக்குத் தெரியக் கூடாதென்று காலையும் மாலையும் சாம்பிராணி போட்டோம். பார்க்க வந்தவர்கள், வீடு கோயில் மாதிரி மணக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டோம். அவர் போன பிறகு மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னோம். குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தவன் நான். அங்கே என் கைமுஷ்டி உள்ளே போகிற அளவுக்குக் குழி இருந்தது. இத்தனை வருஷம் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததைக் கௌரவம் என்று நினைத்தேன்.

அதனால் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, இந்த வீட்டில் இனி ஒரு புண் வராது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான்; செய்து காட்டியது மேகலா. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று போனில் மணி வைத்து, ஒவ்வொரு முறையும் எழுந்து அவனைத் திருப்புவாள். இழுக்க மாட்டாள், கீழே போட்ட விரிப்போடு தூக்கித் திருப்புவாள். முழுசாக ஒருக்களிக்க விடாமல் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துச் சாய்த்து வைப்பாள். முழங்காலுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. டார்ச் அடித்து எலும்பு துருத்துகிற இடமெல்லாம் பார்ப்பாள். எங்கள் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது; கறுத்திருக்கிறதா, சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நாலு மணி முறையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்நேரம் எப்படியும் விழிப்பு வந்துவிடும். மருமகளும் ஒரு பொழுதாவது கண்ணை மூட வேண்டும். இதைப் பற்றி வெளியில் பேசியதில்லை. மாமனார் தலையணை அடுக்குகிறார் என்று எவனும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வேண்டாம் என்று மேகலாவையும் சொல்ல விடவில்லை.

ஆனால் பலனை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன். மற்றவர்கள் முந்திரி மகசூலைச் சொல்கிற மாதிரி, மூன்று வருஷத்தில் என் மகன் உடம்பில் ஒரு கீறல் இல்லை என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாவிட்டால் மனசு ஆறாது. இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாலும் கட்டிலில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்து விரிப்பைச் சுருட்டிவிடுவார்கள். ஒருவர் முறுக்கு தின்றுகொண்டே துக்கம் விசாரித்தார். அவர் போன பிறகு அரை முறுக்கு அவன் தொடைக்கு அடியில் கிடந்தது. நமக்குக் குத்தினால் நகர்ந்து படுப்போம். அவன் அதன் மேலேயே விடிய விடியப் படுத்திருப்பான். அதைச் சொன்னால், அண்ணனுக்கு ரொம்பத்தான் பெருமை என்பார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அந்த வீட்டில் ஆறுதலுக்கு ஒரு புண்ணாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இல்லை என்றால் ஏமாந்துபோகிறார்கள்.

இனி கயிறு. எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றும்போது வீட்டு ஆண்களுக்கும் அரைஞாண் கயிறு மாற்றுவது வழக்கம். புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை அறுப்போம். இடுப்பில் கயிறு இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஆண்பிள்ளை இருக்கக் கூடாது. அதை அறுத்து எடுப்பது ஒரே ஒரு முறை, சுடுகாட்டுக்கு எடுத்துப் போகும்போது. மூன்று வருஷமாக அவனுக்கு மாற்றி மாற்றிக் கட்டியது மெல்லிய கறுப்பு நூல்தான். சேவை மையம் திறக்கப் போகிறான், நாலு பேர் கண் படும் என்று இந்த வருஷம் நான் ஜெயங்கொண்டம் சந்தையில் விரல் கனத்துக்குச் சிவப்புக் கயிறு வாங்கி, குலதெய்வக் கோயிலில் வைத்து எடுத்து, வெள்ளித் தாயத்து ஒன்றும் கோத்து, தை இரண்டாம் தேதி சாயங்காலம் என் கையால் கட்டினேன். மாட்டுக்குக் கயிறு வாங்கும்போது கழுத்தில் உறுத்துமா என்று உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து வாங்குகிறவன் நான். மகனுக்கு வாங்கும்போது அது தோன்றவில்லை.

அன்று ராத்திரி விடியற்காலை நாலு மணிக்கு அவனை வலப்பக்கம் திருப்பியதும் நான்தான். குதிகால் பார்த்தேன், கணுக்கால் பார்த்தேன், இடுப்பெலும்பு பார்த்தேன். கயிற்றைப் பார்க்கவில்லை. கயிறும் உடம்பில் ஒரு பாகம் என்கிற நினைப்பிலேயே வளர்ந்தவன்.

ஆறு மணிக்கு மேகலா திருப்பியபோது வலது இடுப்பின் பின்பக்கம், சக்கர நாற்காலியின் சாய்மானம் படுகிற இடத்தில், சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு கறுத்த தடம் இருந்தது. தொட்டால் சுட்டது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கவில்லை; வெளுக்காவிட்டால் அது புண்ணின் ஆரம்பம். அரை மணி நேரம் அந்தப் பக்கம் பாரம் படாமல் வைத்துப் பார்த்தோம். அப்படியே இருந்தது. பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள், போர்வையை இழுத்து மூடு, அவர்கள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். மேகலா சரி என்று தலையாட்டினாள். பிறகு கொல்லைப் பக்கம் போய் அம்சவள்ளிக்குப் போன் செய்துவிட்டாள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அவள் என் பேச்சை மீறியது அதுதான் முதல் தடவை.

மலர்கொடியும் ராஜராஜனும் வந்து உட்கார்ந்த கால் மணிக்குள் மூடியதைத் திறந்து பார்த்துவிட்டார்கள். கரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ராஜராஜன் யோசனை சொல்ல ஆரம்பித்தான்.

"தண்ணி மெத்தைன்னு ஒண்ணு விக்கிறானாம்ண்ணே. அத வாங்கிப் போட்டுட்டா ஒருத்தரும் ராத்திரி எந்திரிக்க வேணாம். டவுன்ல எல்லாம் அதான்."

"சித்தப்பா, நம்ம வூட்ல இருக்கறது காத்து மெத்தை," என்றான் செந்தில்குமார். "நீங்க கால் வச்சிருக்கீங்களே, அதான் அதோட மோட்டாரு. கொஞ்சம் எடுத்துக்கிட்டீங்கன்னா எனக்குக் காத்து வரும்."

ராஜராஜன் காலை எடுத்தான். மெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும் என்பதை அவனுக்கு விளக்க நான் முயலவில்லை.

மலர்கொடி வேறு வழியில் போனாள். தைலப் புட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். சூடு பறக்கத் தேய்த்தால் ரத்தம் ஓடும், கறுப்பு போய்விடும் என்றாள். தேய்க்கக் கூடாது என்று மேகலா மெதுவாகச் சொன்னாள். அது போதுமாக இருந்தது.

"தேய்க்கக் கூடாதாம். நாலு மணிக்கு எந்திரிச்சுத் திருப்பியிருந்தா தேய்க்கவே வேண்டியதில்ல. நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டு, இப்ப சட்டம் பேசறியா? எங்கண்ணன் ஊரெல்லாம் ஒரு புண்ணு இல்லன்னு சொல்லிட்டுத் திரியறாரு. அவரு மானத்த வாங்கிட்ட."

நாலு மணிக்கு எழுந்தது யார் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். மேகலா என்னைப் பார்க்கவில்லை. தலையணை உறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். செந்தில்குமார் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மலர்கொடியை நான் ஆயிரம் எழுதலாம். அந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அம்சவள்ளியின் அப்பா அரியமுத்து ஒரு காலத்தில் எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர். அந்தப் பெண் முதல் தடவை வந்தபோது நான் வாசலில் நாற்காலி போட்டு, அங்கிருந்தே மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. "புண்ணு வாசலுக்கு வராதுங்கய்யா, நான்தான் உள்ள வரணும்" என்றாள். நான் வழி விட்டேன். இந்தக் காணும் பொங்கலன்று மலர்கொடி அவளைக் கண்டதும் புடவை முந்தானையை ஒதுக்கிக்கொண்டாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பெரம்பலூரில் பத்து நாள் கிடந்தவள்தான். அங்கே தன்னைத் தூக்கிக் குளிப்பாட்டியவர்களிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டாளா தெரியவில்லை.

பண்டிகை நாளில் லீவு போட்டிருந்தும் அம்சவள்ளி வந்தாள். வந்ததும் பேசவில்லை. கையைக் கழுவினாள். தடத்தைப் புறங்கையால் தொட்டாள், அழுத்தினாள், எடுத்தாள். விரிப்பைத் தடவிச் சுருக்கம் பார்த்தாள். தலையணைகளை எப்படி வைத்தோம் என்று மேகலாவை வைத்துக் காட்டச் சொன்னாள். தைலப் புட்டியை வாங்கி மூடி ஜன்னலில் வைத்தாள்.

"தோல் இன்னும் கிழியலங்கய்யா. இன்னிக்கே பாரத்த எடுத்துட்டா போயிடும். விட்டோம்னா உள்ளேந்து அழுகிட்டு வரும்." பிறகு மேகலாவிடம் திரும்பினாள். "நேத்து புதுசா என்ன?"

மேகலாவின் கண் அவன் இடுப்புக்குப் போய்விட்டுத் தரைக்குப் போனது. ஆறு மணிக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டியவன் நான் என்பதால் சொல்லவில்லை.

அம்சவள்ளி லுங்கியைக் கொஞ்சம் இறக்கி, தாயத்தை எடுத்துத் தடத்தின் மேல் வைத்தாள். நீளம் சரியாக இருந்தது. தாயத்தின் இரண்டு முனையிலும் உள்ள வளையம்கூடத் தோலில் பதிந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம்.

தாயத்தை மட்டும் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். தாயத்தை எடுத்தால் முடிச்சு அழுத்தும், முடிச்சை நகர்த்தினால் கயிறு அழுத்தும் என்றாள். பழைய நூலே லேசாகத் தடம் போட்டுக்கொண்டுதான் இருந்ததாம். மேகலா ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அதை வயிற்றுப் பக்கம் இழுத்து பிளாஸ்திரி ஒட்டி வந்திருக்கிறாள். அதை எடுத்துவிடச் சொல்லி அம்சவள்ளி ஆறு மாதமாகச் சொல்கிறாளாம். என் காதுக்கு வரவில்லை. என் காதுக்குக் கொண்டுவர யாருக்கும் தைரியம் இல்லாதபடி நான் நடந்திருக்கிறேன்.

"கயித்த எடுத்துடணுங்கய்யா," என்றாள்.

மலர்கொடி எழுந்துவிட்டாள். "உசுரோட இருக்கறவனுக்கு அரைஞாண அறுக்கச் சொல்றாளே, கேட்டுக்கிட்டு நிக்கிறியேண்ணே. நம்ம வூட்ல யாருக்காவது அப்படி நடந்திருக்கா?"

ராஜராஜன் சமரசத்துக்கு வந்தான். கயிற்றைக் கட்டில் காலில் கட்டி வைக்கலாம், தோஷம் இல்லை என்றான். கட்டிலுக்கு அரைஞாண் கட்டுகிற குடும்பம் என்று எங்களை ஆக்கிவிட அவன் ஒருவன் போதும்.

"அப்பா," என்றான் செந்தில்குமார். அவன் குரலில் கிண்டல் இல்லை. "கட்டினதும் எனக்குத் தெரியல. அறுத்தாலும் தெரியாது. பெரியப்பா எப்படிச் செத்தாருன்னு அம்மா எங்கிட்ட சொல்லியிருக்கு. எனக்கு அப்படிச் சாக வேணாம். பத்தாந்தேதி நான் உக்காரணும்."

இருபத்தைந்து வருஷமாக நான் மூடி வைத்திருந்தது என் மனைவி வழியாக அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் இப்போது இல்லை, கேட்க முடியாது.

மேகலாவின் கையில் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அவள் கட்டிலை நெருங்கினாள். மலர்கொடி குறுக்கே கையை நீட்டினாள்.

"தாலி கட்டினவன் கயித்த நீ அறுத்தியோ, உன் கழுத்துல இருக்கறதையும் நீயே அறுத்த கணக்கு. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா ஊரு உன்னத்தான் கேக்கும். நானும் கேப்பேன்."

மேகலா நின்றாள். பயந்து நிற்கவில்லை; அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்று யோசித்து நின்றாள். தட்டிவிட்டிருப்பாள். பிறகு ஆயுசுக்கும் அந்தப் பேச்சைச் சுமந்திருப்பாள். நாலு மணித் தூக்கத்தைச் சுமந்த மாதிரி.

நான் எழுந்து அவள் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினேன்.

"நாலு மணிக்குத் திருப்பினது நான். கட்டினதும் நான். தள்ளி நில்லு மலரு."

அவள் தள்ளி நின்றாள். மேகலாவைத் தலையணையைப் பிடிக்கச் சொன்னேன். கயிறு கனம், கத்தரிக்கோல் மொண்ணை. ஒரே வெட்டில் போகவில்லை. மூன்று முறை அழுத்தினேன். மூன்றாவது முறை போயிற்று. கீழே விரல் கொடுத்திருந்ததால் தோலில் படவில்லை. தாயத்து தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. கடைசியில் நானே எடுத்து பூஜை அலமாரியில் வைத்தேன்.

மலர்கொடி சாப்பிடாமல் போனாள். ராஜராஜன் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனான். அம்சவள்ளியை நடு அறையிலேயே உட்கார வைத்து மேகலா இலை போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறு இரவு அவனை வலப்பக்கமோ மல்லாக்கவோ படுக்க விடவில்லை. இடப்பக்கம், குப்புற, மறுபடி இடப்பக்கம். பன்னிரண்டு மணி முறையையும் நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் தடத்தின் மேல் விரல் வைத்து அழுத்தியபோது வெளுத்துத் திரும்பியது. ஏழாம் நாள் இடம் தெரியவில்லை. பத்தாம் தேதி அவன் சேவை மையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தான். கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கிக்கொண்டான். வந்தவர்கள், ஏன் இப்படி எழும்பி எழும்பி உட்காருகிறான் என்று கேட்டார்கள். அவனிடமே கேளுங்கள் என்றேன்.

திறப்பு விழாவுக்கு மலர்கொடி வரவில்லை. ஆனால் அவள் வாய் எங்களுக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்விட்டது. பாடாலூரிலிருந்து மேகலாவின் அம்மா போனில் அழுதாள். மேகலா தன் புருஷனின் அரைஞாணை அறுத்துவிட்டாள், நர்ஸ் தூண்டிவிட்டாள், மாமனார் தடுத்தும் கேட்கவில்லை, பையன் அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று வாலிகண்டபுரம் வரைக்கும் பேசுகிறார்களாம்.

கயிற்றை அறுத்தவன் அரங்கநாதன் என்கிற நான். யாரும் தூண்டவில்லை, நான் யாரையும் தடுக்கவில்லை. மேகலா தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செந்தில்குமார் உயிரோடு இருக்கிறான். காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை முன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் உடம்பில் புண் இல்லை. இடுப்பில் கயிறும் இல்லை.